சின்ன மண்டபத்தில் கலை இரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிற சின்னக் கல்லூரிகளில் தமிழ்க் கழகமோ இந்தியப் பண்பாட்டுக் கழகமோ கலை இரவு நடத்தும்போது வேலைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. முதலில் நிகழ்ச்சிக்கு ஒரு பெயர். அப்புறம் சிறப்பு விருந்தினர். அப்புறம் ஏற்பாட்டுக் குழுவின் டி-சட்டை நிறம். அப்புறம் அங்கங்கள். மண்டபத்தின் சாவி கைக்கு வருவதோ கடைசி வாரத்தில். தலைகீழ் வரிசை இது. நூற்றைம்பது பேர் உட்காரும் பல்நோக்கு மண்டபம் எதைத் தாங்கும் என்று தெரிந்துகொண்டு அங்கங்களைத் தேர்ந்தெடுத்தால், நிகழ்ச்சியன்று ஓடுகிற ஓட்டத்தில் பாதி மிச்சம்.

ஆறு வாரத்துக்கு முன்பே மண்டபத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள். பராமரிப்புப் பிரிவில் மின்சாரம் பார்ப்பவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் நாடா பிடித்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் ஆடும் பரதநாட்டியத்துக்கு 24 அடி அகலமும் 16 அடி ஆழமும் வெறுமையாக இருப்பது நல்லது. அந்த எட்டுப் பேரை 16 அடி அகல மேடையில் ஏற்றினால் முதல் உருப்படியான அலாரிப்பிலேயே கைகள் மோதிக்கொள்ளும். கோலாட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆளைக் குறைப்பதா, மேடைக்கு முன்னுள்ள தரையில் ஆடவிடுவதா என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

வெறுங்காலோடு ஆடுபவர்களுக்குத் தரைதான் எல்லாம். முந்திய நிகழ்ச்சியின் பின்திரையைப் பொருத்திய ஸ்டேப்பிள் ஊசிகள் மேடைப் பலகையில் சிக்கிக்கிடக்கும். துடைப்பத்துக்கு அவை அசையாது. கையுறை போட்டுத் தடவிப் பார்த்து, குறடால் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மடக்கு மேடைகளை ஒட்டிப் போட்டிருந்தால் இணைப்புகளில் துணி நாடா ஒட்டுங்கள். மேடையில் ரோஜா இதழ் தூவுவது படத்துக்கு அழகுதான், அடுத்து ஆட வரும் பெண்ணுக்கு அது வழுக்கு மரம்.

குத்துவிளக்கு ஏற்றும்போது நடக்கும் சங்கடத்தை எல்லாரும் பார்த்திருப்போம். டீன் நெருப்பைப் பிடித்தபடி நிற்பார், திரி பற்றாது, மேலே குளிர்சாதனம் ஊதிக்கொண்டே இருக்கும். திரிகளைக் கால் மணி நேரம் முன்பே எண்ணெயில் ஊறவைத்து, நுனியில் துளி சூடத்தைப் பொடித்துத் தடவிவிட்டால் தொட்டவுடன் பற்றும். விளக்கைக் காற்று நேரே படாத இடத்தில், மேடையின் ஓரத்தில், ஓர் அகலமான தாம்பாளத்தின் மேல் வையுங்கள். ஆடுமிடத்தில் எண்ணெய் சொட்டக்கூடாது. புகை இயந்திரம் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். புகை உணர்கருவி இருந்தால் பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லாமல் இயக்கவே கூடாது. பாட்டு நடுவில் அலறல் மணி கேட்டு மொத்தக் கூட்டமும் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும். சாம்பிராணிக்கும் இதே கதைதான்.

மின்சாரமும் ஒலியும்

நம் நாட்டு மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியர் தாங்கும். 240 வோல்ட்டில் அது சுமார் 3,000 வாட். பழைய ஹாலஜன் மேடை விளக்கு ஒன்றே 1,000 வாட் இழுக்கும். ஒரே பிளக்கில் மூன்றைச் செருகினால் எல்லையில் நிற்கிறீர்கள். எல்.இ.டி. விளக்குகள் என்றால் கவலை குறைவு. உண்மையான ஆபத்து ஒப்பனை அறையிலிருந்துதான் வரும். அங்கே துணி தேய்க்கும் பெட்டி, முடி நீட்டும் கருவி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். கெட்டில் மட்டுமே 2,000 வாட்டைத் தொடும். அந்த அறையும் மேடைப் பக்கச் சுவரும் ஒரே சர்க்யூட்டில் இருந்தால், யாரோ மைலோ கலக்கப் போக, மேடையில் பாட்டு செத்துப்போகும். எந்தச் சாக்கெட் எந்த பிரேக்கரில் இருக்கிறது என்று மின்சாரம் பார்ப்பவரிடம் கேட்டு, ஒவ்வொன்றிலும் நிற நாடா ஒட்டுங்கள். ஒலிக்கருவிகளுக்கு ஒரு சர்க்யூட்டை முழுதாக ஒதுக்கிவிடுவது நல்லது. சுருள் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தும்போது கம்பியை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும்.

ஸ்பீக்கரைப் பாடுபவருக்குப் பின்னால் வைப்பது அடுத்த பெருந்தவறு. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போனால்தான் அந்தக் காதைக் கிழிக்கும் விசில். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து, தலைக்கு மேல் உயரத்தில் நிற்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கமும் விசிலைக் கூட்டும். அறிவிப்பாளர்களுக்கு இதை ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரடிப் பக்கவாத்தியம் இருந்தால் எத்தனை மைக் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மிருதங்கத்துக்கு இரண்டு, வலந்தலை என்ற வலப்பக்கத்துக்கு ஒன்று, தொப்பி என்ற இடப்பக்கத்துக்கு ஒன்று. வாய்ப்பாட்டுக்கு ஒன்று. வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ ஒன்று. நடனத்தை வழிநடத்தும் நட்டுவனார் ஜதி சொல்ல ஒன்று வேண்டும், ஆனால் அவர் கையிலுள்ள தாளத்துக்கு வேண்டாம். சின்ன மண்டபத்தில் அந்த வெண்கலச் சத்தம் தானாகவே கடைசி வரிசைக்குப் போகும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைப்பது வீண். உறுமி மேளத்தை உள்ளே கொண்டுவருவதே வேண்டாம். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சன்னலும் உள்ள மண்டபத்தில் ஆறு பேர் உறுமி அடித்த பிறகு வீணை கேட்கிற காது யாருக்கும் மிஞ்சாது. விருந்தினரை வாசலில் வரவேற்கும் ஐந்து நிமிடத்துக்கு உறுமியை வைத்துக்கொண்டால் அதற்கும் மரியாதை, காதுக்கும் மரியாதை.

பதிவுசெய்த பாட்டுகளைக் கைப்பேசியில் புளூடூத் வழியாகப் போடாதீர்கள். இணைப்பு அறுந்துபோகும், இல்லையென்றால் அழைப்பு மணி ஸ்பீக்கரில் கேட்கும். எல்லாப் பாட்டும் இரண்டு நாள் முன்பே ஒரே மடிக்கணினிக்கு வந்து, 01, 02 என்று எண்ணிட்டு, கம்பி வழியாக ஒலிக்க வேண்டும்; பென் டிரைவ் ஒன்றில் நகலும் வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு குறிப்பு அவசியம்: ஆடுபவர்கள் நின்ற பிறகு பாட்டா, பாட்டு தொடங்கிய பிறகு ஆடுபவர்கள் வருவார்களா? இந்த ஒரு வரி இல்லாமல்தான் வெற்று மேடையில் பாட்டு ஓடுவதும், பாட்டில்லாமல் பிள்ளைகள் கைகூப்பி நிற்பதும் நடக்கின்றன.

நேரக் கணக்கு

பன்னிரண்டு அங்கம், தலைக்கு ஐந்து நிமிடம், ஆக ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். அங்கத்துக்கு அங்கம் மாறும் நேரம் சராசரி இரண்டரை நிமிடம் என்றால் அதுவே அரை மணி. கழகத் தலைவர், ஏற்பாட்டுக் குழுத் தலைவர், ஆலோசகர், டீன், சிறப்பு விருந்தினர் என ஐந்து பேர் ஏழேழு நிமிடம் பேசினால் இன்னொரு 35 நிமிடம். நாட்டுப்பண், தமிழ் வாழ்த்து, விளக்கேற்றல், பொன்னாடை, நினைவுச் சின்னம், குழுப்படம் எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். டீனுக்குத் தமிழ் தெரியாது என்பதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை அறிவிப்பது இன்னும் இருபது நிமிடத்தைத் தின்னும். தமிழ், மலாய் அறிவிப்பாளர்கள் இருவரும் ஆளுக்கொரு அங்கத்தை அறிவிக்கட்டும். மற்ற மொழியில் ஒரு வரிச் சுருக்கம் போதும். பேச்சை இரண்டோடு நிறுத்துங்கள். மற்றவர்களின் வாழ்த்துரை மலரில் அச்சாகட்டும், அவர்களுக்கும் அதுவே பெருமை.

சின்னக் கல்லூரியின் தனிக் கஷ்டம், திறமையுள்ள அதே பத்துப் பேர்தான் எல்லாவற்றிலும் இருப்பார்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே அங்கங்களையும் பக்கத்தில் பெயர்களையும் எழுதி, யார் எதில் என்று குறியுங்கள். பரதநாட்டிய உடையிலிருந்து கிராமிய நடன உடைக்கு மாற, ஊசியும் நகையும் கழற்றிப் பூட்ட, கால் மணி நேரமாவது பிடிக்கும். ஒரே பெண்ணின் பெயர் அடுத்தடுத்த இரண்டு கட்டத்தில் விழுந்தால் வரிசையை மாற்றியே ஆக வேண்டும். பக்கவாத்தியம் உட்காரும் அங்கத்தை முதலிலோ இடைவேளை முடிந்த உடனேயோ வைத்தால் மைக் அடுக்கும் நேரம் கூட்டத்துக்குத் தெரியாது.

மாலை நிகழ்ச்சி என்றால் முஸ்லிம்களின் அந்தித் தொழுகையான மக்ரிப் நேரத்தையும் பாருங்கள். இரு ஊர்களிலும் அது பருவத்தைப் பொறுத்து ஏழு மணியிலிருந்து ஏழே முக்காலுக்குள் விழும். பக்கத்தில் சுராவ் (சின்னத் தொழுகைக் கூடம்) இருந்தால் அந்த நேரத்தில் சத்தத்தை நிறுத்துவது மரியாதை. தேநீர் இடைவேளையை அங்கே வைத்துவிட்டால் முஸ்லிம் நண்பர்களும் தொழுதுவிட்டுத் திரும்பலாம்.

முழு ஒத்திகைக்கு நேரமில்லை என்று அதை அடியோடு விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் அங்கத்தின் முதல் அரை நிமிடத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் மட்டும், விளக்கு, பாட்டு, நுழைவு, வெளியேற்றத்தோடு ஓட்டிப் பாருங்கள். பன்னிரண்டு அங்கத்துக்கு ஒரு மணி நேரம் போதும். தவறுகள் நடப்பது அந்த ஓரங்களில்தான்.

அரிசிக் கோலம்

தீபாவளிக்கு மண்டப வாசலில் வண்ண அரிசிக் கோலம் போடாத கல்லூரி இங்கே இல்லை என்றே சொல்லலாம். அரிசி போதாமல் பாதியில் கடைக்கு ஓடுவதும் அப்படியே வழக்கமாகிவிட்டது. பத்தடி விட்டமுள்ள வட்டம் கிட்டத்தட்ட 78 சதுர அடி. தரை தெரியாமல் மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குப் பரப்ப 17, 18 கிலோ வேண்டும். சிந்தியது, நிறம் சரியில்லாமல் ஒதுக்கியது எல்லாம் சேர்த்து 22 கிலோ வாங்கிவிடுங்கள். விலை குறைந்த நொய்யரிசியே நல்லது, இடுக்குகளில் நன்றாக உட்காரும். பன்னிரண்டடி வட்டம் என்றால் இரண்டடிதானே கூடுகிறது என்று எண்ணாதீர்கள். அரிசி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும்.

சாயத்தைத் தண்ணீரில் நிறையக் கரைத்து அரிசியை ஊறவிடுவது பெரிய தவறு. கிலோவுக்கு நான்கைந்து தேக்கரண்டித் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது. கெட்டிப் பையில் அரிசியையும் சாயத்தையும் போட்டுக் குலுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லிசாகப் பரப்பி விசிறிக்குக் கீழே ஒரு முழு நாள் காயவைக்க வேண்டும். காயாத அரிசியை மூட்டையில் கட்டினால் மறுநாள் புளித்த வாடை, அதற்கடுத்த நாள் பூஞ்சை. வெள்ளையையும் மஞ்சளையும் எப்போதும் கூடுதலாகச் செய்துவையுங்கள், முதலில் தீர்வது அவைதான்.

தரையில் நேரடியாகப் போடாமல் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பையோ ஒட்டுப்பலகையையோ அடியில் போடுங்கள். நடுவில் ஆணியும் நூலும் வைத்துச் சுண்ணக்கட்டியால் வட்டங்களை வரைந்து, மையத்திலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவை நிரப்ப யாராவது முடிந்த கோலத்தின் மேல் சாய்ந்தாக வேண்டும். திறந்த வாசலில் மைனாவும் புறாவும் எறும்பும் விருந்துக்கு வரும், சாரல் அடித்தால் சாயம் ஓடும். அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. கூரைக்கு அடியில் நான்கடி உள்ளே தள்ளிப் போடுங்கள், சுற்றி நாற்காலி வைத்துக் கயிறு கட்டுங்கள்.

அச்சும் அனுமதியும்

பந்திங் (தொங்கும் பதாகை), பின்திரை அடிக்கும் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்துவிடுகிறோம். வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும்; அவருக்கு அது படம் மாதிரி. வாட்ஸ்ஆப்பில் வரிகளை அனுப்பித் தட்டச் சொல்லாதீர்கள். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கோப்பைக் கொடுங்கள். அச்சுக்கு முன் வரும் மாதிரியைத் தமிழ் நன்றாகத் தெரிந்த இருவர் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும். விருந்தினரின் பெயரையும் டத்தோ, டான் ஸ்ரீ பட்டங்களையும் அவருடைய அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

லாபம் பார்க்காத நிகழ்ச்சிதானே, பாட்டுகளுக்கு உரிமம் எதற்கு என்பார்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் லாபநோக்கமற்ற கழகங்களுக்குச் சலுகை உண்டுதான். ஆனால் நிகழ்ச்சி கல்விக்காகவோ அறப்பணிக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் நடக்க வேண்டும். பத்து ரிங்கிட் டிக்கெட் வைத்த உடனே அந்தச் சலுகை போய்விடும். காணொளியை யூடியூபில் ஏற்றுவதோ தனிக் கதை. சினிமாப் பாட்டு என்றால் ஒலி அறுபடலாம், படமே முடக்கப்படலாம். வெளியாட்களுக்கு டிக்கெட் விற்கும் எண்ணம் இருந்தால், கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டப்படி உரிமம் வேண்டுமா என்று மாநகர் மன்றத்தில் கேளுங்கள். தீவில் பினாங்கு மாநகர் மன்றத்தை நாட வேண்டும். சென்னையிலிருந்து சுற்றுலா அனுமதியில் வந்திருக்கும் பாடகரை ‘சும்மா ரெண்டு பாட்டு’ என்று மேடையேற்றுவது மட்டும் கூடவே கூடாது. வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அவர்கள் மேடையேற ஒப்புதல் தரும் அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதியும் அதற்கேற்ற குடிநுழைவு அனுமதியும் தேவை.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். வளாகத்தில் பரிமாறுவது ஹலாலாக இருக்க வேண்டும். புரட்டாசியில் நடத்தினால் பாதிப் பேர் சைவம், அதற்கேற்பப் பொட்டலங்களைப் பிரித்துச் சொல்லுங்கள். மதியம் சமைத்த தேங்காய்ச் சட்னி இரவு பத்து மணி வரை தாங்காது, ஆகவே ஆறு மணிக்கு மேல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மண்டபத்தைப் பதினொரு மணி வரை எடுத்திருந்தால் நிகழ்ச்சி ஒன்பதரைக்கு முடிந்தாக வேண்டும். கழற்றி, கட்டி, பெருக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மேடையேறாத எட்டுப் பேரை அதற்கென்று முன்பே பெயர் குறித்து வையுங்கள். ஆடியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களை நம்ப முடியாது. கோல அரிசியை விரிப்போடு சுருட்டி, பைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் போகாமல் கட்டுங்கள். கழிவறைக் குழாயில் தள்ளினால் அது ஊறி அடைத்துக்கொள்ளும், வைப்புத்தொகையும் அதோடு போய்விடும்.