முதிய ஸ்டெம் செல்லில் ஆட்டோஃபேஜியை அளப்பது எப்படி

பழுதான புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியாவையும் செல் ஓர் உறைக்குள் சுற்றி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்பிச் செரிப்பதுதான் ஆட்டோஃபேஜி. பிரிந்துகொண்டே இருக்கும் செல், சேர்ந்த குப்பையைச் சேய் செல்களுக்குப் பங்கிட்டுக் குறைத்துக்கொள்ளும். உறங்கிக்கிடக்கும் ஸ்டெம் செல்லுக்கு அந்த வழி இல்லை. 2016-இல் உயிரியலாளர் பூரா முன்யோஸ்-கானோவெஸ் குழு, மிக முதிய சுண்டெலிகளின் தசை ஸ்டெம் செல்களில் இந்தச் செரிமானம் குலைவதையும், அதனால் அவை மீளா மூப்புக்குள் போவதையும் காட்டியது.

இதைச் சோதிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எல்சி3 என்ற புரதத்தில் கொழுப்பு ஒட்டி, அந்த உறையில் பதிந்திருக்கும் வடிவம் எல்சி3-2; ஒட்டாதது எல்சி3-1. புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் எல்சி3-2 பட்டை தடிப்பாக வந்ததும் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். மழை பெய்தாலும் சாக்கடையில் தண்ணீர் ஏறும், அடைத்துக்கொண்டாலும் ஏறும். முதிய செல்லில் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியது அடைப்பைத்தான். ஆகவே அளக்க வேண்டியது ஓட்டத்தை, அதாவது உண்மையில் எவ்வளவு செரிகிறது என்பதை.

எளிதில் கிடைக்கும் எலும்பு மஜ்ஜை மீசன்கைமல் ஸ்டெம் செல்லை எடுத்துக்கொள்வோம். ஒரே கொடையாளரின் 4-ஆம் பாசேஜையும் 12-ஆம் பாசேஜையும் ஒப்பிடுங்கள் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்). இது வளர்ப்புத் தட்டில் வந்த மூப்பு. கொடையாளரின் வயதால் வந்த மூப்போடு இதைக் கலந்து பேசக் கூடாது. 6 குழித் தட்டில், இரண்டு வகைச் செல்களும் 70–80% பரப்பை மூடும்படி விதையுங்கள். மூத்த செல் அகலமானது, மெதுவாகப் பெருகுவது. அதனால் இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை சரிவராது. செல் நெருக்கமே ஆட்டோஃபேஜியை மாற்றிவிடும்.

ஒவ்வொரு வகைக்கும் நான்கு குழிகள்: சாதாரண மீடியம், அதோடு பாஃபிலோமைசின், ஊட்டமற்ற ஈபிஎஸ்எஸ் கரைசல், அதோடு பாஃபிலோமைசின். எல்லாக் குழிகளுக்கும் ஒரே நேரத்தில் மீடியம் மாற்றுங்கள். ஒன்றுக்கு மட்டும் புது மீடியம் போனால் அதுவே ஊட்ட வேறுபாடாகிவிடும். பாஃபிலோமைசின் ஏ1, லைசோசோமின் அமிலப் பம்பை நிறுத்திச் செரிமானத்தைத் தடுக்கும் மருந்து. செரிந்திருக்க வேண்டிய எல்சி3-2 அப்போது தேங்கும்; அந்தக் கூடுதலே ஓட்டத்தின் அளவு. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 100 மைக்ரோமோலார் ஸ்டாக் வைத்திருந்தால், மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் 100 நானோமோலார். 4 மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் நச்சுத்தன்மை குறுக்கிடும். மருந்து இல்லாத குழிகளுக்கு அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓ. புதுச் செல் வகை என்றால் முதலில் 50, 100, 200 நானோமோலார் போட்டுப் பாருங்கள். 200-லும் எல்சி3-2 ஏறினால் 100-இல் தடை முழுமையாகவில்லை.

குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் ட்ரிப்சின் நொதி இல்லாமல், தட்டிலேயே 2% எஸ்டிஎஸ் என்ற வலுவான டிடர்ஜென்ட் கரைசலால் உடையுங்கள். மென்மையான டிடர்ஜென்டான ட்ரைட்டன் இங்கே உதவாது: குப்பையை உறைக்குள் சேர்த்துத் தானும் அதோடு செரியும் பி62 புரதம், திரளாகிவிட்டால் அதில் கரையாமல் அடியில் தங்கிவிடும், நீங்கள் தேடும் குப்பையே கைவிட்டுப் போகும். டிஎன்ஏ-வால் கோழைபோல் ஆகும் கரைசலை 26 கேஜ் ஊசியில் சில முறை இழுத்துவிட்டு, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். புரத அளவை பிசிஏ முறையில் சூடாக்கும் முன்பே, சாம்பிள் பஃபர் சேர்ப்பதற்கு முன்பே பாருங்கள். புரதத்தை அளக்கும் இன்னொரு முறையான பிராட்ஃபோர்டை எஸ்டிஎஸ் கெடுக்கும். உறைய வைத்து உருக்குவதைத் தவிருங்கள், எல்சி3-1 எளிதில் சிதையும்.

ஜெல்லில் தடத்துக்கு 15 மைக்ரோகிராம் புரதம், 15% ஜெல், அதிலிருந்து புரதத்தை மாற்ற 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் சவ்வு. 0.45 மைக்ரான் துளையில் இத்தனை சின்னப் புரதம் நழுவிவிடலாம். மேலே 16 கிலோடால்டன் அருகே எல்சி3-1, கீழே 14 அருகே எல்சி3-2. கொழுப்பு ஒட்டிய இரண்டாவதுதான் உண்மையில் கனமானது, ஆனாலும் வேகமாக ஓடும். பெயர்களை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

எல்சி3-2-ஐ எல்சி3-1-ஆல் வகுக்க வேண்டாம்; ஆன்டிபாடி இரண்டையும் ஒரே வலுவில் பிடிப்பதில்லை. ஒப்பீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் ஆக்டின் புரதமும் மூத்த செல்லில் மாறக்கூடும் என்பதால் மொத்தப் புரதச் சாயத்தால் வகுப்பது மேல். பிறகு, மருந்து உள்ள மதிப்பிலிருந்து இல்லாத மதிப்பைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, இளம் செல்லில் 1-லிருந்து 4 ஆனால் ஓட்டம் 3. முதிய செல்லில் 2.5-லிருந்து 3 ஆனால் ஓட்டம் வெறும் 0.5, தொடக்கப் பட்டை இரண்டரை மடங்கு தடிப்பாக இருந்தும்! கூடவே பி62 தேங்கியிருந்தால் அடைப்பு என்பது உறுதிப்படும். பி62 மரபணுவே கூடுதலாக இயங்குகிறதா என்று, ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆரில் பார்த்துவிடுங்கள். அடைப்பு லைசோசோமில் இருந்தால், ஆட்டோஃபேஜியைத் தூண்டும் ராபமைசின் கொடுப்பது தேங்கிய இடத்துக்கே மேலும் உறைகளை அனுப்பும்.

மூப்பை உறுதிசெய்யும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயத்தை, பிஎச் 6.0-இல், மருந்து தொடாத தனிக் குழியில் செய்யுங்கள். அந்த நொதியும் லைசோசோமில் இருப்பதுதான்.

ரத்த ஸ்டெம் செல்லுக்கு இந்த முறை ஒத்துவராது; ஓர் எலியில் கிடைப்பது சில ஆயிரம் செல்களே. அங்கே எல்சி3-இல் ஒளிரும் புரதம் இணைத்த ஜிஎஃப்பி-எல்சி3 எலியும், செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும்தான் வழி. எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. 2017-இல் ரத்த ஸ்டெம் செல் ஆய்வாளர் எமானுவேல் பசெகே குழு, முதிய ரத்த ஸ்டெம் செல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்டோஃபேஜியை உயர்த்தி வைத்து, இளமைக்குரிய மீளாக்கத் திறனோடு இருப்பதைக் கண்டது. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து ஜெல்லில் ஓட்டினால் அந்தச் செல்கள் சராசரிக்குள் மறைந்துபோகும்.