கேன்யன் பயணத்தில் நல்ல படம் எடுப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளுத்துப்போன வானம், புகை மூடினாற்போல் ஒரு பாறைச் சுவர், முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் குடும்பம். நேரில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்த அந்த ஆழம் மட்டும் படத்தில் இருக்காது. உடனே “போன் கேமரா சரியில்லை” என்பார்கள். பெரும்பாலும் கேமராமேல் தப்பில்லை, எடுத்த நேரம்தான் தப்பு.

கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், சுமார் 1.6 கிலோமீட்டர் ஆழம். ஆனால் நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது எந்த மடிப்பிலும் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்று படத்தில் தெரியவே தெரியாது. அதனால் இந்தப் பயணத்துக்கு நான் சொல்வதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: வெளிச்சத்தைத் தேடாதீர்கள், நிழல் எங்கே, எப்போது விழுகிறது என்று பாருங்கள். அதை வைத்தே நாளைத் திட்டமிடுங்கள்.

லாஸ் வேகாஸில் இறங்கி, கார் எடுத்து, யூட்டா, அரிசோனா மாநிலங்களில் இருக்கும் ஸயான், ப்ரைஸ் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, முடிந்தால் மோவாப் வரை போய், கிராண்ட் கேன்யன் வழியாகத் திரும்புவது பலரும் போகும் சுற்று. அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: ஊரைக் குறிக்கும்போதே திசையையும் குறியுங்கள்

எல்லோரும் மேப்பில் இடத்தையும் தூரத்தையும் குறிப்பார்கள். அதோடு ஒவ்வோர் இடமும் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ப்ரைஸின் பெரிய கிண்ணம் போன்ற பகுதி கிழக்கைப் பார்த்தது, ஆகவே காலையில் போக வேண்டிய இடம். மோவாப் பக்கம் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் இருக்கும் மெசா ஆர்ச் என்ற பாறை வளைவும் விடியலுக்குத்தான். ஆர்ச்சஸ் பூங்காவில் இருக்கும் டெலிகேட் ஆர்ச் என்ற வளைவு மாலைக்கு. மான்யுமென்ட் வேலியில் பார்வையாளர் மையத்திலிருந்து பார்த்தால் கையுறை போன்ற அந்த இரண்டு பாறைகளும் கிழக்கே இருக்கின்றன. விடியற்காலையில் அவை கறுப்பு உருவங்களாகத் தெரியும், மாலையில் முகம் முழுக்கச் சிவந்து நிற்கும். எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம், எனக்கு மாலைதான் பிடிக்கும்.

பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை கார் ஓட்டவும் சாப்பிடவும் கொஞ்சம் கண்ணயரவும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரே விலக்கு ஆன்டிலோப் போன்ற இடுக்குப் பள்ளத்தாக்குகள், அவற்றைப் பற்றிக் கீழே வருகிறேன்.

இன்னொன்று, கடிகாரம். கோடைக்காலத்தில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும், அரிசோனா தள்ளாது, ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி தள்ளும். உங்கள் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். டூர் பதிவு செய்திருந்தால் “எந்த ஊர் நேரம்” என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: போனைத் தயார் செய்யுங்கள்

இது சுலபம். பழைய வீடியோக்களை அழித்து இடம் ஒதுக்குங்கள். அந்தப் பகுதியின் மேப்பை முழுவதும் டவுன்லோட் செய்துவிடுங்கள், ஏனென்றால் பல இடங்களில் சிக்னல் சுத்தமாக இருக்காது. கேமரா செட்டிங்ஸில் கட்டக்கோடுகளைப் போட்டுவிடுங்கள், தொடுவானம் சாயாமல் இருக்கும். லென்ஸைத் துடைக்க ஒரு மெல்லிய துணி எப்போதும் பையில் இருக்கட்டும், அந்தச் செம்மண் தூசு எல்லா இடத்திலும் புகுந்துவிடும். லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருப்பவர்கள் காற்றடிக்கும்போது மாற்ற வேண்டாம், காருக்குள் வந்து மாற்றுங்கள்.

படி 3: வெளிச்ச அளவை நீங்களே முடிவு செய்யுங்கள்

போன் எப்போதும் படத்தைச் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் நிழலைப் பிரகாசமாக்கி, வெயில் பட்ட பாறையை வெளுக்க வைத்துவிடும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். படத்தில் மிகவும் வெளிச்சமாக இருக்கும் பாறைமேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவும்) லாக் ஆகும். அப்புறம் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பாறையில் இருக்கும் கோடுகள் திரையிலேயே தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும் இடம்தான் சரியான இடம். நிழல் கறுப்பாகிறதே என்று பயப்படாதீர்கள், அந்தக் கறுப்புதான் ஆழம்.

நிறமும் இப்படித்தான். அந்தப் பாறைகளுக்குச் சிவப்பு வருவது அவற்றில் கலந்திருக்கும் இரும்பு ஆக்ஸைடால். படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஏதோ தவறு என்று நினைத்து அதை மங்கலாக்கிவிடும். ப்ரோ மோடு இருந்தால் ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில் வைத்துவிடுங்கள்.

படி 4: படத்துக்குள் ஓர் ஆளை நிறுத்துங்கள்

ஒரு பாறை 10 மீட்டரா 300 மீட்டரா என்று படம் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆள் இருந்தால் தெரியும். ஆனால் கேமராவுக்கு முன்னால் வந்து சிரிக்கச் சொல்லாதீர்கள். 30, 40 அடி தள்ளி, பாதையிலேயே, பாறையைப் பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள். படத்தில் சுண்டுவிரல் உயரம்கூட வேண்டாம், அதைவிடச் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது.

உடையைக் கொஞ்சம் யோசித்து எடுத்துப் போங்கள். சிவப்பு, பழுப்பு, காக்கி எல்லாம் பாறையோடு கலந்துவிடும். நீலம், வெள்ளை, பச்சை கலந்த நீலம் எடுப்பாகத் தெரியும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, மயில்கழுத்து நிறத்தில் ஒரு காட்டன் புடவையைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ப்ரைஸில் சன்ரைஸ் பாயிண்ட் பக்கம், காலை வெயிலில் ஆரஞ்சுத் தூண்களுக்கு முன்னால் அந்த நிறம் நிற்கும் அழகை எந்த ஃபில்டராலும் கொண்டுவர முடியாது. மேலே ஸ்வெட்டரும் வேண்டும், ப்ரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேலே இருக்கிறது, கோடையிலும் விடிகாலையில் குளிரும்.

படி 5: இடத்துக்கு ஏற்ற முறை

ஆன்டிலோப் கேன்யன். இது நவாஹோ மக்களின் நிலம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. பை, ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் எதையும் பொதுவாக விடமாட்டார்கள், போனைக் கையில் வைத்துக்கொண்டு போவதே நல்லது. மேல் பகுதி, கீழ்ப் பகுதி என்று இரண்டு இருக்கின்றன. தரையில் வெயில் தூணாக இறங்கும் படங்கள் மேல் பகுதியில், ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் ஆரம்பம் வரை, நண்பகலை ஒட்டி எடுக்கப்பட்டவை. அந்தத் தூணுக்காகக் கூட்டம் முண்டியடிக்கும்.

ஆனால் அங்கே உண்மையான விஷயம் தூண் இல்லை, சுவர். ஒரு நிமிடம் போனை இறக்கிவிட்டுச் சுவரை மட்டும் பாருங்கள். மேலே விளிம்பில் பட்ட வெயில் எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து, அங்கிருந்து இன்னும் கீழே தெறித்து, ஒவ்வொரு முறையும் பாறையின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு இறங்குகிறது. உச்சியில் வெளிர் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, அடியில் கருஞ்சிவப்பு, வெயிலே எட்டாத மடிப்பில் ஊதா. ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே குவிந்த மணல்மேடுகளின் அடுக்குகள்தான் சுவரில் ஓடும் வரிகள், பின்னாளில் வெள்ளம் அவற்றை அரித்து வளைத்திருக்கிறது. படம் எடுக்கும்போது வானத்தின் ஒரு துண்டுகூட உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் அந்த வெளிச்சம் மற்ற எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது பட்டால் இந்த நிறங்கள் அத்தனையும் போச்சு.

ஹார்ஸ்ஷூ பெண்ட் இதே பேஜ் ஊருக்குப் பக்கத்தில்தான். சுமார் 300 மீட்டர் கீழே கொலராடோ ஆறு லாடம் போல வளைகிறது. சாதாரண லென்ஸில் முழு வளைவும் அடங்காது. போனில் 0.5 என்று இருக்கும் அல்ட்ரா வைடைப் போடுங்கள், இல்லையென்றால் பனோரமா. காலையில் ரொம்பச் சீக்கிரம் போனால் நாம் நிற்கும் பாறையின் நிழலே ஆற்றின்மேல் விழுந்து பாதியை மறைத்துவிடும், அது நமக்கு வேண்டாத நிழல். கொஞ்சம் வெயில் ஏறியபின் போங்கள், தண்ணீர் பச்சையாகத் தெரியும். கைப்பிடி கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெறும் விளிம்பு. போனைப் பார்த்துக்கொண்டே ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். பிள்ளைகளின் கையை ஒருவர் பிடித்திருக்க, இன்னொருவர் எடுக்கட்டும்.

கிராண்ட் கேன்யனில் எல்லோரும் வைட் ஆங்கிளில் எடுத்து ஏமாறுகிறார்கள். அங்கே ஜூம் போடுங்கள். தெற்கு விளிம்பிலிருந்து நாம் வடக்கே பார்க்கிறோம், காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும். 3 மடங்கு அல்லது 5 மடங்கு ஜூமில் ஒரு குன்றையும் அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகிக்கொண்டே போகும் மூன்று நான்கு அடுக்குகளையும் மட்டும் எடுங்கள். ஆழம் தானாக வந்துவிடும். விடியலுக்கு மாதர் பாயிண்ட், மாலைக்கு ஹோப்பி பாயிண்ட். சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்பி ஓடுவார்கள், நீங்கள் இன்னும் 20 நிமிடம் நில்லுங்கள், கிழக்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

மெசா ஆர்ச்சில் சூரியன் எழும்போது கீழே இருக்கும் செங்குத்துப் பாறையில் வெயில் பட்டு, அது வளைவின் அடிப்பக்கத்தை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வைக்கும். அந்த ஒளிர்வு சூரியன் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், அதனால் இடத்துக்காக யாரோடும் சண்டை வேண்டாம்.

படி 6: நடைபாதையில்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் இறங்குவது சுலபம், ஏறத்தான் நேரமும் மூச்சும் போகும். இறங்க ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏற வேண்டும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். டெலிகேட் ஆர்ச் போய் வர 4.8 கிலோமீட்டர், வழியில் நிழலே கிடையாது, மாலைக்குப் போனால் திரும்பும்போது இருட்டிவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கு அவசியம், படம் எடுத்தே தீர்ந்துபோன போன் டார்ச்சை நம்பாதீர்கள்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திடீர் வெள்ளம் வரும் காலம். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் பளிச்சென்று இருக்கும், எங்கோ தொலைவில் பெய்த மழை இந்த இடுக்குக்குள் வந்து இறங்கும். 1997 ஆகஸ்டில் கீழ் ஆன்டிலோப்பில் இப்படித்தான் 11 பேர் இறந்தார்கள். ஸயானில் நேரோஸ் போன்று ஆற்றுக்குள்ளேயே நடக்கும் பாதைக்குப் போகும் முன் அன்றைய எச்சரிக்கையைப் பார்வையாளர் மையத்தில் கேளுங்கள். “வேண்டாம்” என்றால் வேண்டாம்தான், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும்.

நல்ல கோணம் வேண்டும் என்று பாதையை விட்டு இறங்காதீர்கள். கறுப்பாகப் பொருக்குத் தட்டினாற்போல் இருக்கும் அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, பாலை மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை அவை. ஒருமுறை மிதித்தால் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

படி 7: சாலையில்

ஓடும் காரின் கண்ணாடி வழியாக எடுத்தால் டேஷ்போர்டின் பிரதிபலிப்புதான் வரும். நிறுத்த இடம் விட்டிருக்கும் ஓரத்தில் மட்டும் நிறுத்தி இறங்கி எடுங்கள். மான்யுமென்ட் வேலிக்குப் போகும் 163ஆம் எண் சாலையில் நடுரோட்டில் நின்று எடுக்கும் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். அந்தச் சாலையில் லாரிகள் வேகமாக வருகின்றன. ஓரத்தில் நின்று, கொஞ்சம் குனிந்து, ஜூம் போட்டு எடுத்தாலே சாலை நேராகப் பாறைகளுக்குள் போவது போல வந்துவிடும்.

தேசியப் பூங்காக்களில் ட்ரோன் கூடாது. நவாஹோ பூங்காக்களிலும் அப்படியே. அங்கே வாழும் மனிதர்களையும் வீடுகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

படி 8: ராத்திரி அறைக்கு வந்ததும்

அன்றைய படங்களை அன்றைக்கே வேறோர் இடத்துக்கும் நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரே காட்சியில் பத்து எடுத்திருந்தால் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். எடிட்டிங்கில் சிவப்பை ஏற்றும் ஆசை வரும், ஏற்றாதீர்கள், பாறை பிளாஸ்டிக்காகிவிடும். கறுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், வெளுத்த பகுதியைக் கொஞ்சம் குறையுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். போனைச் சார்ஜில் போட்டு, மறுநாள் சூரியன் எத்தனை மணிக்கு எழும் என்று பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.