டொமைன் சுவரின் வேகத்தை அளக்கும் முன் அறையின் சூட்டைப் பாருங்கள்

கோபால்ட் மெல்படலத்தில் டொமைன் சுவரின் வேகத்தை அளக்கப் போகிறீர்களா? முதலில் மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள். அது இல்லாமல் நான் இரண்டு வாரம் இழந்தேன்.

இரண்டு பிளாட்டினம் அடுக்குகளுக்கு நடுவே அரை நானோமீட்டர் கோபால்ட். இரண்டு மூன்று அணு அடுக்குகள்தான். காந்தமாக்கம் படலத்துக்குச் செங்குத்தாக, மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும். ஒரே திசையில் நிற்கும் பகுதி ஒரு டொமைன். எதிரெதிர் டொமைன்கள் இரண்டும் சந்திக்கும் எல்லையே சுவர். காந்தத் திசையை ஒளியால் பிரித்துக் காட்டும் கெர் நுண்ணோக்கியில் அது வெளுப்பும் கருப்பும் தொடும் விளிம்பாகத் தெரியும்.

வலுவான காந்தப் புலம் கொடுத்துப் படலம் முழுவதையும் ஒரே பக்கம் திருப்புங்கள். அப்புறம் எதிர்த்திசையில் ஒரு சின்ன பல்ஸ், அதாவது கொஞ்ச நேரம் மட்டும் புலம். படலத்தில் குறையுள்ள ஏதோ ஓரிடத்தில், திசை திரும்பிய வட்டமாகக் குமிழி முளைக்கும். புலத்தை அணைத்துப் படம் எடுங்கள். அடுத்த பல்ஸ் கொடுத்து, அணைத்து, மறுபடி படம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வளையம் மிஞ்சும். அதன் அகலத்தைப் பல்ஸ் நேரத்தால் வகுத்தால் வேகம். புலம் கொஞ்சம் கூடினாலே வேகம் பல மடங்கு எகிறும் என்பதால், பல்ஸ் நேரத்தையும் கூடவே குறைத்துக்கொண்டு போக வேண்டும்.

மேலூரில் எங்கள் வயலுக்குக் கால்வாய்த் தண்ணீர் விடும்போது, காய்ந்த பாத்தியில் அது ஒரே சீராக ஏறாது. கட்டியில் முட்டி நிற்கும், ஓரிடத்தில் உடைத்துப் பாயும், மறுபடி நிற்கும். குறைந்த புலத்தில் சுவரும் அப்படித்தான் ஊர்கிறது. சிக்கிய இடத்திலிருந்து அதைத் தாண்ட வைப்பது வெப்ப அசைவு. அதனால்தான் வேகத்தின் மடக்கையை, புலத்தின் மைனஸ் கால் அடுக்குக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். 1998இல் லெமர்லும் குழுவினரும் இதே வகைப் படலத்தில் காட்டியது இது.

என் கோடு நடுவில் உடைந்தது. படலத்தைச் சந்தேகித்தேன், பல்ஸ் கருவியைச் சந்தேகித்தேன். காரணம் கத்திரி வெயில். பாதிப் புள்ளிகளைக் காலையிலும் மீதியை மதியம் கரண்ட் போய் ஏசி நின்ற பிறகும் எடுத்திருந்தேன். ஆறு டிகிரி வித்தியாசத்துக்கே வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் மாறியிருந்தது. புலம் தரும் கம்பிச்சுருளும் சூடாகும், பல்ஸ்களுக்கு நடுவே ஆற விடுங்கள். ஒரு வரைபடத்துக்கான புள்ளிகளை ஒரே காலையில் முடித்துவிடுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் வளரும் இரண்டு குமிழிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றிலிருந்து வெளியே கசியும் காந்தப் புலம் நடுவிலுள்ள திருப்பப்படாத பட்டையைத் தாங்கிப் பிடிக்கும். சுவர்கள் நெருங்க நெருங்க மெதுவாகும். மெல்லிய கோடாக அந்தப் பட்டை நெடுநேரம் நிற்பதைத் தனியாகப் படம் எடுத்து வையுங்கள், அத்தனை அழகு. வேகத்துக்கு மட்டும் தனித்து நிற்கும் குமிழியைத் தேடுங்கள்.