பார்சல் சீக்கிரம் போய் சேரணும்னா எந்த சர்வீஸ்ல போடலாம்? நாள் கணக்கை எப்படி ஒப்பிட்டு பாக்குறது

பார்சல் போட போனா நாம முதல்ல கேக்குறது "எத்தனை நாள்ல போகும்"னு தான். கவுன்டர்ல இருக்கிறவர் "ரெண்டு மூணு நாள்ல போயிரும்"னு சொல்லுவார், நாமும் இன்னைக்கு தேதியோட மூணை கூட்டிக்கிட்டு நிம்மதியா வந்துருவோம். அந்த மூணு நாளை அவங்க எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்கவே மாட்டோம், முக்கியமான விஷயமே அதுதான்.

என் தங்கச்சிக்கு ஒரு இன்டர்வியூவுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் வேண்டியிருந்துச்சு. புதன்கிழமை இன்டர்வியூ, நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு போய் கொடுத்தேன், மூணு நாள்ல போயிரும்னு சொன்னாங்க, திங்கள்கிழமையே கைக்கு வந்துரும்னு நம்பிட்டேன். வந்தது வியாழக்கிழமை. சண்டை போடலாம்னு போனா அவங்க கணக்கு சரியா தான் இருக்கு. அவங்களோட கட்-ஆஃப் நாலு மணி, அதுக்கப்புறம் வாங்குனது அடுத்த வேலை நாள்ல போட்டதா கணக்கு, சனி ஞாயிறு வேலை நாள் கிடையாது, அதனால திங்கள்கிழமை போட்டதா ஆயிருச்சு, செவ்வாய்ல இருந்து ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுனா வியாழன். அந்த புள்ள அன்னைக்கு போன்ல பேசுன குரல் எனக்கு இன்னும் மறக்கல, அதனால தான் இவ்ளோ விரிவா எழுதுறேன்.

அதனால எந்த சர்வீஸா இருந்தாலும் மூணு விஷயம் கேட்டுக்கோங்க. இன்னைக்கு வண்டியில ஏறணும்னா எத்தனை மணிக்குள்ள கொடுக்கணும், நீங்க சொல்றது வேலை நாளா இல்ல காலண்டர் நாளா, சனிக்கிழமை டெலிவரி உண்டா. அப்புறம் "மூணு நாளு"ன்னு சொல்ல விடாதீங்க, "எந்த தேதி கைக்கு வரும்"னு கேளுங்க, தேதியா சொல்ல வைக்கும்போது அவங்களே லீவு நாளெல்லாம் பார்த்து எண்ணுவாங்க. ஆன்லைன்ல போடுறீங்கன்னா அனுப்புற இடம், போற இடம் ரெண்டோட பின்கோடும் கொடுத்து பாருங்க, பொதுவா விளம்பரத்துல போடுறது நல்ல ரூட்டுக்கான நாள், உங்க ரூட்டுக்கு அது வேறயா இருக்கலாம்.

இப்ப ரெண்டு சர்வீஸை எப்படி ஒப்பிடுறது. அடிக்கடி பார்சல் போடுறவங்க, சின்னதா வியாபாரம் பண்றவங்க, தயவுசெஞ்சு ஒரு நோட்டு போடுங்க. நீங்க கையில கொடுத்த தேதி, முதல் ஸ்கேன் (ட்ராக்கிங்ல வர்ற முதல் பதிவு) விழுந்த தேதி, வாங்குனவர் கைக்கு போன தேதி, இந்த மூணு போதும். முதல் ஸ்கேனை தனியா எழுத சொல்றதுக்கு காரணம், சில இடத்துல பார்சல் ஒரு நாள் முழுக்க மூலையில கிடந்துட்டு தான் சிஸ்டத்துல ஏறும், ட்ராக்கிங்ல பார்த்தா ரெண்டே நாள்ல போன மாதிரி தெரியும் ஆனா நமக்கு மூணு நாள் ஆயிருக்கும்.

பத்து பார்சல் சேர்ந்ததும் பாருங்க, ஆனா சராசரியை மட்டும் நம்பாதீங்க. ஒரு சர்வீஸ்ல 2, 2, 2, 3, 2, 2, 9, 2, 3, 8 நாள் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க, சராசரி 3.5. இன்னொண்ணுல ஒன்பது பார்சல் 4 நாள், ஒண்ணு மட்டும் 5 நாள், சராசரி 4.1. சராசரியை பார்த்தா முதல்ல உள்ளது தான் வேகம். ஆனா அஞ்சு நாளுக்குள்ள கண்டிப்பா போகணும்னா முதல் சர்வீஸ்ல பத்துக்கு ரெண்டு தவறிடுது, ரெண்டாவதுல ஒண்ணு கூட தவறல. கெடு உள்ள பொருளுக்கு எனக்கு ரெண்டாவது தான் வேகமான சர்வீஸ், கண்ண மூடிட்டு அதுல தான் போடுவேன். கெடு இல்லாத பொருளுக்கு முதல் சர்வீஸ் போதும்.

பார்சல் லேட் ஆகுறதுக்கு தூரம் மட்டுமே காரணம்னு நினைக்கிறோம். பல நேரம் அது ஓடுற நேரத்தை விட நிக்கிற நேரம் தான் ஜாஸ்தி. எல்லா பக்கத்துல இருந்தும் வர்ற மூட்டையை ஒரு பெரிய மையத்துக்கு கொண்டு வந்து, பிரிச்சு, மறுபடி ஒவ்வொரு பக்கமா ஏத்தி விடுறாங்க, ஃபெடெக்ஸ் கொரியர் கம்பெனி 1973ல அமெரிக்காவுல மெம்பிஸ் நகரத்துல ராத்திரி விமானங்களை வெச்சு ஆரம்பிச்சது இதே முறைல தான். அதனால பக்கத்து ஊருக்கு போற பார்சல் கூட தூரமா இருக்கிற மையத்துக்கு போய் திரும்பி வரலாம், அங்க ஒரு வண்டியை தவற விட்டா அடுத்த வண்டி வரைக்கும் காத்திருக்கணும். எவ்ளோ கை மாறுதோ அவ்ளோ இடத்துல நிக்க வாய்ப்பு இருக்கு. ஒரே ஆள் முழுசா கொண்டு போற சர்வீஸா, இல்ல பாதி வழியில வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கிற சர்வீஸான்னு கேட்டு பாருங்க, வேகத்தை பத்தி அதுலயே பாதி தெரிஞ்சிரும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இது இன்னும் நல்லா தெரியும். தபால்ல போட்டா நம்ம நாட்டு தபால் துறை அந்த நாட்டு தபால் துறைகிட்ட ஒப்படைக்கும், இந்த ஏற்பாடு 1874ல பெர்ன் நகரத்துல போட்ட ஒப்பந்தத்துல ஆரம்பிச்சது, அதுல பிறந்த அமைப்பு தான் இன்னைக்கு உலக தபால் ஒன்றியம். அதனால கிட்டத்தட்ட எந்த மூலையில உள்ள முகவரிக்கும், தபால் பெட்டி எண்ணுக்கும் கூட தபால் போகும், கொரியர்கள் பல நேரம் தபால் பெட்டி எண்ணுக்கு எடுக்க மாட்டாங்க. டிஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் மாதிரி கம்பெனிகள் சொந்த விமானம், சொந்த மையம் வெச்சு கஸ்டம்ஸ் வேலையையும் தாங்களே பார்க்குறாங்க, பார்சல் இறங்குறதுக்கு முன்னாடியே பேப்பர் போயிரும், வேகம் அதுல தான் வருது. ஆனா வரியை அவங்க முன்னாடி கட்டிட்டு அதுக்கு ஒரு கட்டணத்தையும் சேர்த்து வாங்குறவர்கிட்ட வசூல் பண்ணலாம், இதை வாங்குறவருக்கு முன்னாடியே சொல்லி வைங்க, பரிசு அனுப்பிட்டு அவங்க கையால காசு கட்ட வெச்சா சங்கடமா இருக்கும். சாதாரண தபாலுக்கும் கொரியருக்கும் நடுவுல இஎம்எஸ்னு தபால் துறைகள் சேர்ந்து நடத்துற எக்ஸ்பிரஸ் இருக்கு, சாதாரண ஏர் மெயிலை விட அதுக்கு முன்னுரிமை உண்டு. கப்பல் வழியா போற சர்ஃபேஸ் தபால் வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு, அவசரமே இல்லாத கனமான புத்தக மூட்டைக்கு அது கிடைச்சா நல்லது.

தபால்ல குடுக்குற ட்ராக்கிங் நம்பரை கொஞ்சம் பாருங்க. முன்னாடி ரெண்டு எழுத்து, நடுவுல 9 எண், கடைசியில நாட்டுக்கான ரெண்டு எழுத்து, மொத்தம் 13. முதல் எழுத்து இ (E)-ன்னா இஎம்எஸ், ஆர் (R)-ன்னா ரிஜிஸ்டர்ட், சி (C)-ன்னா பார்சல். ஒன்பதாவது எண் முன்னாடி உள்ள எட்டையும் வெச்சு கணக்கு போட்டு வர்ற சரிபார்ப்பு எண், அதனால தப்பான நம்பர்னு வந்தா பதறாம நீங்க டைப் பண்ணதை ஒரு தடவை சரி பாருங்க. பார்சல் நம்ம நாட்டை விட்டு கிளம்புன பிறகு பல நாள் ஒரு ஸ்கேனும் விழாது, தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சிராதீங்க, அதே நம்பரை போற நாட்டு தபால் தளத்துல போட்டு பாருங்க, பல தடவை அங்க புது தகவல் இருக்கும்.

கஸ்டம்ஸ்ல மாட்டுச்சுன்னா நீங்க காசு கொடுத்து வாங்குன வேகமெல்லாம் அங்கயே போயிரும். உள்ள என்ன இருக்குன்னு எழுதி கொடுக்குற கஸ்டம்ஸ் ஃபாரத்துல "பரிசு", "சாமான்"னு பொத்தாம் பொதுவா எழுதாதீங்க, "பருத்தி சட்டை 2"ன்னு என்ன, எத்தனை, என்ன மதிப்புன்னு தெளிவா எழுதுங்க. 2 கிலோவுக்குள்ள உள்ள சின்ன பாக்கெட்டுக்கு வழக்கமா சிஎன் 22ங்கிற ஃபாரம், பெரிய பார்சலுக்கு சிஎன் 23. அப்புறம் பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி வேண்டவே வேண்டாம். தனி லித்தியம் அயன் பேட்டரியை பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்துறது 2016 ஏப்ரல்ல இருந்து தடை, சர்வதேச தபால்லயும் தனியா அனுப்ப முடியாது. சொல்லாம உள்ள வெச்சா எக்ஸ்ரேல தெரிஞ்சு அந்த பெட்டி முழுசும் நின்னுரும், கூட வெச்ச துணிமணியும் சேர்ந்து தான் நிக்கும்.

எடை விஷயத்துல பலர் ஏமாறுறாங்க. கொரியர்ல பெட்டியோட அளவுக்கும் ஒரு எடை போடுவாங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி வழக்கமா 5000ஆல வகுக்கணும். 40, 30, 20 உள்ள பெட்டின்னா 24000, வகுத்தா 4.8 கிலோ. உள்ள ஒரு கிலோ பொருள் தான் இருக்குன்னாலும் 4.8க்கு தான் பில் வரும். பெட்டியை பொருளுக்கு ஏத்த மாதிரி சின்னதா எடுத்தா சில நேரம் சாதாரண சர்வீஸ் காசுக்கு பக்கத்துலயே எக்ஸ்பிரஸ் கிடைச்சிரும், ரெண்டு விலையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

"கேரன்டி"ன்னு போட்டிருந்தா எதுக்கு கேரன்டின்னு படிங்க. பொதுவா லேட் ஆனா அனுப்புன கட்டணம் தான் திரும்ப வரும், அதனால உங்களுக்கு ஆன நஷ்டம் வராது, புயல் வெள்ளம்னா கட்டணமும் வராது. எக்ஸ்பிரஸ்ல போட்டா பத்திரமா போகும்னும் அர்த்தம் இல்ல, இன்சூரன்ஸ் தனி. திரும்ப கிடைக்காத பேப்பர்னா வேகத்தை விட கையெழுத்து வாங்கி கொடுக்குற சர்வீஸா இருக்கான்னு பாருங்க, நான் இப்ப சர்டிபிகேட்னா கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாடியே திங்கள் இல்ல செவ்வாய் காலையில தான் கொடுக்குறேன்.

கடைசி ஒரு கிலோமீட்டர்ல கெட்டுப்போற பார்சலும் நிறைய. வீட்டு நம்பர், மாடி, வாங்குறவரோட ஓடுற போன் நம்பர் இதெல்லாம் லேபிள்ல இருக்கணும், உள்ளயும் ஒரு பேப்பர்ல எழுதி போடுங்க, மேல ஒட்டுனது கிழிஞ்சாலும் யாருக்குன்னு தெரியும். ஆள் இல்லாம திருப்பி எடுத்துட்டு போனா சுளையா ஒரு நாள் போச்சு, வெள்ளிக்கிழமைன்னா மூணு நாள் போச்சு. ஆபீஸ் முகவரி கிடைச்சா அது நல்லது. புகார் கொடுக்கவும் கெடு இருக்கு, எத்தனை நாளுக்குள்ளன்னு போடும்போதே கேட்டுக்கோங்க, ரசீதை அங்கயே ஒரு போட்டோ எடுத்து வைங்க, ட்ராக்கிங்ல "டெலிவர்ட்"னு வந்தாலும் வாங்குனவர் போன் பண்ணி பிரிச்சு பார்த்துட்டேன்னு சொல்ற வரைக்கும் ரசீதை கிழிச்சு போடாதீங்க.