நட்டை இறுக்கினால் நின்றுவிடும் சக்கரம்: என் அனுபவம்

பேரிங் மாற்றிய பிறகு என் ரிமோட் காரின் முன்சக்கரம், நட்டு தளர்ந்திருக்கையில் தாராளமாகச் சுழன்று, இறுக்கியதும் நின்றுவிட்டது. பேரிங்கைக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டேன். அச்சு வளைந்திருக்குமோ என்று அதையும் மாற்றினேன். மூன்று நாள் வீணானதுதான் மிச்சம்.

பிறகுதான் பேரிங் அமரும் கூடான ஹப்பின் பிளாஸ்டிக் முகப்பில் தலைமுடி அளவு மெல்லிய, பளபளப்பான வளையத் தேய்மானம் ஒன்று கண்ணில் பட்டது. புதிய பேரிங்கை வெர்னியரால் அளந்தபோது, துளை 5 மி.மீ., வெளிவிட்டம் 10 மி.மீ. என்று இரண்டும் பழையதைப் போலவே இருக்க, அகலம் மட்டும் 4 மி.மீ.க்குப் பதில் 3 மி.மீ. இருந்தது. இந்த அளவில் மூடியில்லாத பேரிங் 3 மி.மீ. அகலத்திலும், இருபுறமும் மூடியுள்ளது பெரும்பாலும் 4 மி.மீ. அகலத்திலும் வருவதை நான் கவனிக்காமல் வாங்கியிருக்கிறேன். அதனால் பேரிங் உள்ளே அமிழ்ந்து, சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் அறுகோண அடாப்டர் அதன் உள்வளையத்தில் அமர்வதற்குப் பதில் ஹப்பில் உரசியிருக்கிறது.

4 மி.மீ. பேரிங்குகளைப் பொருத்தியதும், நட்டை முழுக்க இறுக்கிய பின்னும் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. நிம்மதி.