பிடிகே கியர்பாக்ஸ் எச்சரிக்கை: பழுதைத் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ஷே 911 காரின் டாஷ்போர்டில், கியர்பாக்ஸில் பழுது உள்ளது, ரிவர்ஸ் கியர் விழாமல் போகலாம், ஆனாலும் தொடர்ந்து ஓட்டலாம் என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை தோன்றியதும், உரிமையாளர் மனத்தில் முதலில் ஓடுவது செலவுக் கணக்குதான். அந்தப் பதற்றத்தில் எடுக்கப்படும் முடிவுகளே பழுதைக் காட்டிலும் அதிக இழப்பை உண்டாக்கிவிடுகின்றன. டாஷ்போர்டில் வரும் வாசகம், பல சென்சார்கள் அனுப்பும் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்த கட்டுப்பாட்டுக் கணினி தானாக வந்தடைந்த ஒரு முடிவு மட்டுமே. எந்த அளவு பொருந்தவில்லை என்பதைக் கண்டறியாமல் கியர்பாக்ஸைக் குற்றவாளியாக்குவது முறையன்று.

பிடிகே எனப்படும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை போர்ஷே நிறுவனம் 1980களிலேயே பந்தயக் கார்களில் சோதித்து வந்தது. 1986ஆம் ஆண்டு இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் 962 ரகக் கார் இதனுடன் வெற்றி பெற்றது. விற்பனைக்கான 911 காரில், 997 தலைமுறையின் இரண்டாம் கட்டத்தில், 2008ஆம் ஆண்டுதான் ஏழு கியர்களுடன் இது வந்தது. தயாரித்துக் கொடுப்பது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும் ரிவர்ஸையும் சுமக்கிறது. மற்றொன்று 2, 4, 6 ஆகியவற்றைச் சுமக்கிறது. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் பயன்படும்.

மிகப் பெரிய தவறு, எச்சரிக்கை வந்த உடனே பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு, மறுபடியும் வருகிறதா என்று பார்ப்போம் என ஓட்டிச் செல்வது. குறியீட்டுடன் சேர்த்து, பழுது நேர்ந்த கணத்தில் எண்ணெயின் வெப்பநிலை என்ன, வேகம் என்ன, எந்தக் கியர் விழுந்திருந்தது, மின்னழுத்தம் எவ்வளவு என்ற விவரங்களையும் கணினி பதிவு செய்து வைத்திருக்கக்கூடும். அழிக்கும்போது அவையும் போய்விடும். விட்டுவிட்டு வரும் பழுதைப் பொறுத்தவரை, அந்தப் பதிவுதான் கையிலுள்ள ஒரே சாட்சி. ஆகவே, எல்லாக் கட்டுப்பாட்டுக் கணினிகளின் குறியீடுகளையும் படித்து, சேமித்து அல்லது படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். எச்சரிக்கை வந்த நேரம், அப்போது எஞ்சின் சூடாக இருந்ததா, மேடேறிக் கொண்டிருந்ததா என்பனவற்றையும் ஓட்டியவர் ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுப்பது பெரிய உதவி.

அடுத்தது, பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் மலிவான பொது ஸ்கேனரை முழுமையாக நம்புவது. அத்தகைய கருவியில் பல நேரங்களில் பி0700 என்ற குறியீடு மட்டுமே தெரியும். கியர்பாக்ஸ் கணினி தன்னிடம் ஒரு பழுதைப் பதிவு செய்திருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். பழுது என்ன என்பதை அது சொல்வதே இல்லை. அந்தக் குறியீட்டை வைத்து கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்பு சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது. போர்ஷேவுக்கென உள்ள பிவிஸ் கருவியோ, அதற்கு ஈடாகக் கியர்பாக்ஸ் கணினிக்குள் நுழைந்து படிக்கும் கருவியோ இல்லாமல் மேற்கொண்டு நகர முடியாது.

பேட்டரியைச் சோதிக்காமல் தாண்டிச் செல்வது, நான் மிகவும் வருந்தும் தவறு. இத்தகைய கார்கள் வாரக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்பவை. நிற்கும் நாள்களிலும் உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகள் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக் கொண்டிருக்கும். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12.2 காட்டினால், அதில் பாதியளவு மின்னேற்றமே மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியுமானால், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங் எனப் பல கணினிகள் ஒரே நேரத்தில் தத்தம் பழுதுகளைப் பதிவு செய்யத் தொடங்கும். மின்னழுத்தக் குறைவைக் காட்டும் பி0562, கியர்பாக்ஸ் கணினியுடனான தொடர்பு அறுந்ததைக் காட்டும் யு0101 ஆகியவை மற்றக் குறியீடுகளோடு சேர்ந்து வந்தால், முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் இணைப்பு, கனெக்டர்கள் ஆகியவையே. 911 காரில் பேட்டரி முன்பக்கப் பெட்டியில் இருக்க, எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்பக்கம் இருப்பதால், நடுவிலுள்ள நீண்ட பாதையில் எங்கேனும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தாலும் விளைவு இதுவே. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அரை வோல்ட் இழப்பு தெரிந்தால், கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கியர் லீவர் பி (பார்க்கிங்) நிலையிலிருந்து நகரவே மறுத்தால், பிரேக் பெடலின் பின்னாலுள்ள சிறிய பிரேக் லைட் சுவிட்சையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இனி, முன்பு சொன்ன கிளட்ச் பிரிவினைக்கு வருவோம். பழுது நேர்ந்ததும் கணினி சில கியர்களை மட்டும் அனுமதிக்கும் அவசர நிலையில் கார் ஓடுகையில் எந்தெந்தக் கியர்கள் விழுகின்றன என்று பலர் கவனிப்பதில்லை. 2, 4, 6 மட்டும் கிடைத்து ரிவர்ஸும் ஒற்றைப்படைக் கியர்களும் இல்லையென்றால், பழுது ஒரு கிளட்ச் சார்ந்த பாதியில் இருக்கிறது என்ற தடயம் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதைச் சோதிப்பதற்காகவே மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதும் தவறுதான். வண்டியை நிறுத்துமாறு எச்சரிக்கை சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். அதன்பின் முழுக் காரையும் சுமந்து செல்லும் பிளாட்பெட் வண்டியில் ஏற்றியே கொண்டு செல்ல வேண்டும். எஞ்சின் ஓடாதபோது எண்ணெய் பம்பும் ஓடாது என்பதால், பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வது கியர்பாக்ஸுக்குக் கேடு.

வெப்ப எச்சரிக்கையைப் பழுதாகக் கருதுவதும் உண்டு. மேட்டில் நெரிசலில் நிற்கும்போது, பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரால் காரைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் வழுக்கியபடியே சூடேறும். அப்போது எஞ்சினை அணைத்துவிடக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பி அல்லது என் (நியூட்ரல்) நிலையில் எஞ்சினை ஓடவிட்டால், எண்ணெய் சுழன்று குளிர்ச்சியடையும்.

இந்த ஏழு கியர் பிடிகேயில் இரண்டு எண்ணெய்கள் உள்ளன. கிளட்சுக்கும் ஹைட்ராலிக் அமைப்புக்கும் ஒன்று, பற்சக்கரங்களுக்கு மற்றொன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றுவது பெருந்தவறு. அளவைக் குளிர்ந்த நிலையில் உத்தேசமாகப் பார்ப்பதும் சரியன்று. கருவியின் துணையோடு, நிர்ணயித்த வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் குறிப்பிட்ட குறியீடு திரும்பத் திரும்ப வந்தால், கியர்களை நகர்த்தும் தண்டுகளின் இருப்பிடத்தை அளக்கும் உள் சென்சார்மீது சந்தேகம் கொள்ளலாம். 997, 991 தலைமுறைகளில் நன்கு அறியப்பட்ட பலவீனம் அது. தொடக்க ஆண்டுகளில் உட்பாகங்கள் தனியே விற்கப்படாததால், இந்த ஒரு சென்சாருக்காக முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்னார்கள். இன்று சென்சாரைத் தனியே வாங்கி, கியர்பாக்ஸைப் பிரித்து மாற்றக்கூடிய வல்லுநர்கள் இருக்கிறார்கள். எனவே முழு கியர்பாக்ஸுக்கான மதிப்பீடு கைக்கு வரும்போது, எந்தச் சென்சாரின் எந்த அளவு, எந்த வெப்பநிலையில் பிறழ்ந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். மாற்றிய பிறகு அளவுத்திருத்தம் செய்து, கியர்பாக்ஸ் நன்கு சூடேறும் வரை ஓட்டி, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியர்களும் விழுவதைப் பார்த்து, குறியீடுகளை மறுபடியும் படித்த பின்பே காரைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.