குறைந்த மாவுச்சத்து உணவில் ஐஸ்கிரீம்: அளப்பதும் செய்வதும்

களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் கூல்பார் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) குறைத்து உண்பவர்கள் ஐஸ்கிரீமை அடியோடு ஒதுக்க முயல்வதைவிட, அதை அளந்து உண்ணப் பழகுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சாதாரண வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் மாவுச்சத்து உண்டு. அதில் பெரும்பகுதி சர்க்கரை. கடையிலோ அதை மில்லிலிட்டரில் விற்கிறார்கள். கடையும்போது காற்று கலப்பதால் 100 மில்லி கோப்பையின் எடை 55 கிராம் அளவில்தான் இருக்கும் என்பதால், கோப்பைக்கு 13 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 50 கிராம் என்று வரம்பு வைத்திருப்பவர், அன்று மதியம் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) சோற்றையும் தவிர்த்து, மீன்குழம்போடு அவியலை உண்டபின் அந்தக் கோப்பையை எடுக்கலாம். வெறும் வயிற்றில் உண்பதைவிட இவ்வாறு உண்ணும்போது இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். 20 கிராமுக்குள் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

கடையில் கேட்கும்போதே, "அண்ணே, கோன் வேண்டாம், கப்பில் ஒரே ஸ்கூப், மேலே ஒன்றும் ஊற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். சேமியாவும் பழமும் சிரப்பும் சேர்ந்த ஃபலூடாவையும், பழத்தோடு சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் ஷார்ஜா ஷேக்கையும் எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது.

'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சிட்ட பெட்டிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவற்றில் பலவற்றில் சேரும் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவே செய்யும்; அதிகம் உண்டால் வயிற்றையும் கலக்கும். பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோசும் அவற்றில் இருக்கத்தான் செய்யும். ஆகவே, முகப்பைவிட மொத்த கார்போஹைட்ரேட் என்ற வரியைப் படிப்பதே சரி. கருப்பட்டி சேர்த்தால் கெடுதி இல்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மணம் அருமைதான், ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் கேட்காமல் மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கக் கூடாது.

வீட்டில் செய்வதற்குத் தேங்காய்ப்பாலே ஏற்றது. முற்றிய தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான நீரைக் குறைவாக விட்டுப் பிழிந்த முதற்பால் 400 மில்லி, எரித்ரிடால் என்ற மாற்று இனிப்புப்பொடி 60 கிராம், ஏலக்காய்ப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சிறுதீயில் வைத்து, கொதித்தால் பால் திரிந்துவிடும் என்பதால் கொதிக்குமுன் இறக்க வேண்டும். எரித்ரிடால் ஒரு பொடிகூட மிஞ்சாமல் கரைய வேண்டும். இல்லாவிட்டால் குளிரில் மீண்டும் படிகமாகி நாக்கில் மணலாக நெருடும். சீனித்துளசி (ஸ்டீவியா) மட்டும் போட்டாலோ இனிப்பு வருமே தவிர, உறைநிலையைத் தாழ்த்தி ஐஸ்கிரீமை இளக்கமாக வைக்கும் சர்க்கரையின் வேலை நடக்காது, கல்லாக இறுகிவிடும்.

ஆறியபின் இளநீர் வழுக்கை இரண்டு கரண்டி அரைத்துச் சேர்த்து, அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கவும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரங்களை முள்கரண்டியால் சுரண்டி நன்றாக அடித்து, நான்கு முறை இப்படிச் செய்தால் பனிக்கட்டி பெரிதாகத் திரளாது. எரித்ரிடாலில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுவதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 100 மில்லிக்கு மாவுச்சத்து 5, 6 கிராம் அளவில்தான் வரும். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.